பீஸ் கட்டை வந்த வழி

எங்கள் வீட்டு மீட்டர் பலகையில் கைக்கு அடக்கமான வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்று இருந்தது. பீஸ் கட்டை என்போம். கரண்ட் நின்றால் அப்பா மெயினை அணைத்து, கட்டையைப் பிடுங்கி, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி கட்டுவார். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அதே மாதிரிக் கட்டைகளைப் பார்த்த பிறகுதான் அது நடந்து வந்த தூரம் எனக்குப் புரிந்தது.

அதன் பிறப்பு பாறையில். ஃபெல்ஸ்பார் கலந்த பாறையில் யுகக்கணக்கில் நீர் ஊறி ஊறி, இற்று வெள்ளைக் களிமண்ணாகிறது. விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம்; கோயிலில் இருப்பவர் பழமலைநாதர். மலைக்கும் வயதாகும் என்று பெயரிலேயே சொல்லும் ஊர் மண்ணை நம்பிப் பிழைக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இந்தக் களிமண்ணும் கிடக்கிறது. மின்சாரமும் அதற்கான கடிவாளமும் ஒரே குழியிலிருந்து வருகின்றன!

பட்டறையில் களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைபடும். ஈரப்பொடியை அச்சில் அழுத்தினால் கட்டை உருவாகும். அதற்கப்புறம் காத்திருப்புதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் லேசில் விடாது. உள்ளீரத்தோடு சூளைக்குப் போனால் வெடித்துவிடும். வானத்தைப் பார்க்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. நன்றாகக் காய்ந்த பிறகே மெருகுப்பூச்சு, 1200 டிகிரிக்கு மேலான நெருப்பு.

வானத்தைப் பார்க்காத ஒருவனை மேரி ஷெல்லியின் நாவலில் சந்தித்திருக்கிறேன்: விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது, மறு ஆண்டு ஐரோப்பாவின் கோடையைக் கெடுத்தது. மழைக்கு அடைபட்டு ஜெனீவா ஏரிக்கரையில் பேய்க்கதை யோசித்தவர்களில் 18 வயது மேரியும் ஒருவர். செத்த தவளையின் காலைக் கல்வானி துடிக்கவைத்ததும், 1803இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டவனின் சடலத்தில் ஆல்தினி மின்சாரம் பாய்ச்சியதும் அன்று பேசப்பட்ட சங்கதிகள். அவர் யோசித்த கதை நாவலாக 1818இல் வெளிவந்தது.

சிறுவயதில் மின்னல் ஓர் ஓக் மரத்தை நார்நாராகக் கிழித்ததைப் பார்த்தவன் விக்டர். அந்த நடுக்கம் அவன் வேலைக்குள் வரவே இல்லை. வயல்கள் கொழித்த கோடையெல்லாம் அறைக்குள்ளேயே கிடந்தான். தான் உருவாக்கிய உடலுக்கு உயிர் வந்ததும் ஓடிப்போனான். பிறகு ஆறுதல் தேடி ஆல்ப்ஸ் பனிப்பரப்புக்குப் போகிறான். அவன் படைத்தது அங்கேயே எதிரில் வந்து நிற்கிறது. இதை அறிவியலுக்கு எதிரான கதை என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மேரி 1815இல் குறைமாதத்தில் பிறந்த தன் குழந்தையைப் பறிகொடுத்தவர். விக்டர் தான் படைத்ததை ஏறெடுத்தும் பாராமல் போனதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை என்றே படிக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பினால், சூளையிலிருந்து வந்த கட்டைக்குப் பித்தளை முனைகள் பொருத்துவார்கள். இடையே மெல்லிய செம்புக் கம்பி. மின்னோட்டம் மிஞ்சினால் முதலில் உருகி அறுவது அதுதான், அறுவதற்கென்றே வைத்தது. செம்பு உருக 1085 டிகிரி போதும். அதைவிடப் பெரிய சூட்டைப் பார்த்துவிட்டு வந்த பீங்கான், கரி படிந்து அப்படியே நிற்கும்.

பக்கத்து வீட்டில் ஒருமுறை அடிக்கடி பீஸ் போகிறதென்று தடித்த கம்பியாகக் கட்டச் சொன்னார்கள். "கம்பி நிக்கும், வீடு நிக்காதுங்க" என்றார் அப்பா. ஒயரைப் பிரித்து, ஒற்றை இழையை உருவி, அதையே முறுக்கிக் கட்டினார்.