விலை போகாத குதிரைக்கு ஒரு வீடு

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். குதிரையைப் பற்றி அப்படிச் சொல்லும் துணிவு அவர்களுக்கு வரவில்லை. குதிரையின் மதிப்பெல்லாம் அதன் கால்களில் இருந்தது. கால் தளர்ந்த அன்றே விலையும் தளர்ந்துவிடும். நல்ல சம்ரக்ஷணையில் 25, 30 வயது வரை ஜீவித்திருக்கக்கூடிய அந்தப் பிராணி, கல் பாவிய வீதிகளில் பாரம் இழுத்து உழைக்குமானால் 15 வயதுக்குள்ளாகவே வேலைக்கு உதவாததாகிவிடுகிறது. எஞ்சிய பத்து வருஷங்களை அது எங்கே கழிப்பது, யார் வீட்டுப் புல்லைத் தின்று கழிப்பது என்ற கேள்வி பார்வைக்குச் சிறியதுதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தவர்கள் வழியில் சட்டசபையையும், துறைமுகத்தையும், ஒரு மகாயுத்தத்தின் மிச்சங்களையும் கடந்து போக வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் தொடங்கி எகிப்தில் உச்சம் கண்ட அந்த விருத்தாந்தத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் மாநகரம் குதிரையின் முதுகிலேதான் ஓடிக்கொண்டிருந்தது. டிராம் வண்டி, ஆம்னிபஸ், நிலக்கரி வண்டி, வாடகை வண்டி, பால் வண்டி ஆகிய யாவற்றுக்கும் குதிரையே ஆதாரம். கால்நடைகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் 1822ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் நிறைவேறியிருந்தது. இரண்டு வருஷங்களில் அதை அமல் நடத்துவதற்கென்று ஒரு சங்கமும் தோன்றியிருந்தது. ஆயினும் சட்டம் வீதியில் சாட்டையை ஓங்கியவனைத் தண்டித்ததேயன்றி, வேலை முடிந்த குதிரை எங்கே போயிற்று என்று விசாரிக்கவில்லை. அது போன இடம் பெரும்பாலும் தெரிந்ததுதான். பெரிய வீட்டின் சாரட்டிலிருந்து வாடகை வண்டிக்கு, வாடகை வண்டியிலிருந்து நிலக்கரி வண்டிக்கு, அங்கிருந்து கொலைக்களத்துக்கு என்று, ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு படி இறங்கிக்கொண்டே போவதுதான் குதிரையின் தலைவிதியாக இருந்தது. கொலைக்களத்திலும் தோல் ஒருவனுக்கு, எலும்பு ஒருவனுக்கு, மாமிசம் லண்டன் வீடுகளின் பூனைகளுக்கு என்று கணக்காகப் பங்கு பிரிந்தது.

இந்த இறங்குமுகத்தை முதன்முதலில் ஜனங்களின் மனத்தில் தைக்கும்படி சொன்னவர் ஆனா சீவெல் என்ற மாது. இளம் பிராயத்தில் கால் ஊனமுற்று, வெளியே செல்வதற்கெல்லாம் குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர் அவர். ஒரு குதிரை தன் சரிதையைத் தானே சொல்வதாக அவர் எழுதிய ‘பிளாக் பியூட்டி’ 1877இல் வெளிவந்தது. மறு வருஷமே அவர் காலமானார். கை மாறிக் கை மாறித் தேய்ந்த அந்தக் குதிரை கதையின் முடிவில் ஓர் அமைதியான வீட்டை அடைகிறது. கதையில் கிட்டிய வீடு நிஜத்தில் எத்தனை குதிரைகளுக்குக் கிட்டுகிறது என்று வாசகர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார்கள்.

அவ்வாறு கேட்டுக்கொண்டவர்களில் ஒருவர் ஆன் லிண்டோ என்ற மாது. 1886ஆம் ஆண்டு லண்டனை அடுத்த ஹாரோவுக்கு அருகே ஒரு பண்ணையில் அவர் குதிரைகளுக்கென்று ஓர் இளைப்பாறும் இல்லத்தை ஸ்தாபித்தார். அதன் ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. வாடகை வண்டிக்காரனிடம் போய், உன் குதிரை களைத்துவிட்டது, சில வாரம் ஓய்வு கொடு என்றால், அந்தச் சில வாரமும் என் பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்று அவன் திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்வியும் நியாயமானதே. ஆகவே களைத்த குதிரையை இல்லத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அது தேறும் வரை வண்டியில் பூட்டிக்கொள்ள வேறொரு குதிரையை ஏழை வண்டிக்காரனுக்கு இரவலாகக் கொடுத்தனுப்பினார்கள். குதிரையின் மேல் வைத்த காருண்யம் மனிதனின் வயிற்றில் அடிப்பதாக இருந்தால் அது ஒரு வாரம்கூட நிலைக்காது என்பதை அந்த இல்லம் ஆரம்பத்திலேயே அறிந்திருந்தது. இரவல் என்ற இந்தச் சிறு சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் அது பெரிய சொல்லாக வளரப்போகிறது.

உள்ளூரில் இப்படி ஒரு சிறு வாசல் திறந்த சமயத்தில், கடற்கரையில் மற்றொரு வாசல் அகலத் திறந்தே கிடந்தது. குதிரை மாமிசத்துக்கு ஐரோப்பாவில் கிராக்கி இருந்தமையால், இங்கிலாந்தில் உழைத்து ஓய்ந்த குதிரைகள் கப்பலேற்றப்பட்டு அக்கரைக்குப் போயின. 1911ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில், நடக்கவும் மாட்டாத அத்தகைய குதிரைகள் இறக்கப்பட்டுக் கசாப்புக் கடைக்கு ஓட்டிச் செல்லப்படுவதை ஏடா கோல் என்ற மாது கண்ணால் கண்டார். அந்தக் காட்சி அவருடைய எஞ்சிய ஆயுளை நிர்ணயித்துவிட்டது. 1927இல் அந்த ஏற்றுமதியை எதிர்ப்பதற்காகவே ஒரு சர்வதேச சங்கத்தைத் தொடங்கிய அவர், மூன்று வருஷங்களில் மறைந்தார். அவர் விரும்பிய சட்டம் 1937இல்தான் வந்தது. குறிப்பிட்ட ஒரு தொகைக்குக் குறைந்த மதிப்புள்ள குதிரையைக் கப்பலேற்றக் கூடாது என்று அது விதித்தது. அந்த விலைக்கு வாங்கினால் கசாப்புக்காரனுக்குக் கட்டுபடியாகாது. குதிரையை அதுவரை கொன்றுவந்த விலையே அதற்குக் கவசமாகவும் ஆயிற்று.

இதற்கிடையில் மகாயுத்தம் வந்து போயிற்று. 1914க்கும் 1918க்கும் இடையே லட்சக்கணக்கான குதிரைகளும் கோவேறு கழுதைகளும் ராணுவத்துக்காகத் திரட்டப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 1,30,000க்கு மேற்பட்ட குதிரைகள் கடல் கடந்தன. ‘வேலர்’ என்று பெயர்பெற்ற அந்த இனம் சென்னைக்குப் புதிதன்று. நியூ சவுத் வேல்ஸ் என்ற ஊர்ப் பெயரின் கடைசிச் சொல்லைத் தாங்கிய அக்குதிரைகள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய ராணுவத்துக்காக நம்முடைய துறைமுகத்திலும் கல்கத்தாவிலும் வந்து இறங்கியவைதாம். யுத்தம் முடிந்தது, வீரர்கள் ஊர் திரும்பினார்கள். அக்குதிரைகளுள் சொந்த மண்ணுக்குத் திரும்பியது ஒன்றே ஒன்று: ஆஸ்திரேலியத் தளபதி பிரிட்ஜஸின் ‘சாண்டி’. கப்பற் கூலியும், நோய் பரவிவிடுமோ என்ற அச்சமும் மற்றவற்றைத் தடுத்துவிட்டன. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் மிஞ்சியவற்றை வயதையும் உடல்நிலையையும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். முதிர்ந்தவை சுடப்பட்டன, சில இந்தியக் குதிரைப்படைக்குப் போயின, ஆயிரக்கணக்கானவை கெய்ரோவின் சந்தையில் ஏலம் போயின. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்று நாம் சொல்வதுண்டு. இந்த விஷயத்தில் தள்ளியதும் பறித்ததும் குதிரை அல்ல.

1930ஆம் ஆண்டு எகிப்தில் பிரிட்டிஷ் குதிரைப்படைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜெஃப்ரி புரூக்குடன் அவருடைய மனைவி டோரதி புரூக்கும் கெய்ரோவுக்கு வந்தார். வந்தவர் பழைய யுத்தக் குதிரைகள் என்னவாயின என்று தேடத் தொடங்கினார். கல் வண்டிகளிலும் குப்பை வண்டிகளிலும், எலும்பெடுத்து, புண்பட்டு, சில பார்வையும் இழந்து அவை நின்றன. உள்ளூர் இனத்தைவிடப் பெரிய எலும்புக் கட்டும், தோலில் மங்கியிருந்த ராணுவச் சூடும் அவற்றைக் காட்டிக்கொடுத்தன. ஒவ்வொன்றும் அப்போது 20 வயதைக் கடந்திருக்கும். 1931 ஏப்ரலில் லண்டன் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வாசகர்கள் பணத்தை வாரி அனுப்பினார்கள். அடுத்த மூன்று வருஷங்களில் அவரும் அவருடைய குழுவினரும் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார்கள்.

வாங்கி என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகக் கடினமான பகுதி. அவற்றுக்கு வீடு தேட வழியில்லை. பெரும்பாலானவை ஒரு கப்பல் பிரயாணத்தையும் தாங்கும் நிலையில் இல்லை; தாங்கினாலும் நடமாட முடியாத 5,000 கிழக்குதிரைகளுக்கு எந்தத் தேசத்திலும் லாயம் காத்திருக்கவில்லை. ஆகவே டோரதி புரூக் தம்மால் இயன்றதைச் செய்தார். நிழலுள்ள லாயம், வேண்டுமட்டும் தண்ணீர், நிறையத் தீனி, கால் புதையும் வைக்கோல் மெத்தை ஆகியவற்றைச் சில நாட்கள் கொடுத்து, அதன் பிறகு வலியின்றி உயிர்நீத்துவிடச் செய்தார். வருஷக்கணக்காகக் கல்தரையையே அறிந்திருந்த குளம்புகளின் கீழே வைக்கோல் பட்டபோது, அக்குதிரைகள் நம்ப மாட்டாதவைபோல ஒரு கணம் தயங்கி நின்றதை அவர் எழுதி வைத்திருக்கிறார். வீடு என்பது அவற்றுக்குச் சில நாட்களே. ஆயினும் அந்தச் சில நாட்களும் மனிதன் செலுத்திய கடன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குதிரைகளை விற்றவர்கள் யார் என்பதையும் அவர் மறக்கவில்லை. அவர்கள் கொடியவர்கள் என்பதைக் காட்டிலும் ஏழைகள் என்பதே அவர் கண்ணுக்கு முதலில் பட்டது. கிழக்குதிரைக்குப் பதிலாக வேறொன்று வாங்கிப் பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு விலை கொடுத்தார். 1934இல், உழைக்கும் குதிரைக்கும் கழுதைக்கும் கூலியின்றி வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி ஒன்றையும் கெய்ரோவில் நிறுவினார். ஹாரோவில் ஆன் லிண்டோ கண்டறிந்த அதே தத்துவத்தை நைல் நதிக் கரையில் டோரதி புரூக்கும் கண்டறிந்தார்: குதிரையைக் காப்பாற்ற வேண்டுமானால் குதிரைக்காரனையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். அவர் 1955இல் கெய்ரோவிலேயே காலமானார்; ஆஸ்பத்திரி அவருடைய பெயரைத் தாங்கி இன்றும் நடக்கிறது.

மோட்டார் வண்டி வந்தபின் இங்கிலாந்தின் வீதியிலிருந்து குதிரை மறைந்தது. சுரங்கத்திலிருந்தும் மெல்ல மறைந்தது. 1913இல் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள்ளே சுமார் 70,000 மட்டக்குதிரைகள் உழைத்தன; 1990களிலே கடைசிச் சில மட்டக்குதிரைகள் மேலே வந்து பசும்புல்லில் கால் வைத்தன. அதற்குள் நிலைமை தலைகீழாகியிருந்தது. குதிரையை இப்போது அங்கே பெரும்பாலும் வேலைக்கு அன்றி விருப்பத்துக்காகவே வைத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் சவாரி செய்ய முடியாத நாள் ஒன்று வரும்போது பழைய கேள்வி திரும்ப வந்து நிற்கிறது.

ஏடா கோல் தொடங்கிய சங்கமும், அதைப் போன்ற பிற ஸ்தாபனங்களும் இதற்குக் கண்ட விடை, நாம் நினைவில் வைத்துக்கொண்ட அந்த இரவல்தான். குதிரையை விற்பதில்லை, தானமாகவும் கொடுப்பதில்லை. வளர்க்கத் தகுதியுள்ளவரிடம் ஒப்படைக்கிறார்கள், உரிமை ஸ்தாபனத்திடமே நிற்கிறது. மேய்ச்சல் நிலம் போதுமா, மழைக்கு ஒதுங்க இடமுண்டா, கூட இன்னொரு குதிரை உண்டா என்று பார்த்துவிட்டே கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகும் ஆள் அனுப்பிப் பார்க்கிறார்கள். வளர்ப்பவருக்கு நோயோ வறுமையோ வந்தால், குதிரை சந்தைக்குப் போகாமல் ஸ்தாபனத்துக்கே திரும்பி வருகிறது. 1982இல் லண்டனில் வெடிகுண்டுக்கு இலக்காகி 34 காயங்களோடு பிழைத்த ‘செஃப்டன்’ என்ற ராணுவக் குதிரை, ஆன் லிண்டோவின் இல்லத்திலேயே ஓய்வு பெற்று 30 வயது வரை வாழ்ந்தது. பெயரற்ற வாடகை வண்டிக் குதிரைகள் சம்பாதித்துக் கொடுத்த இடம் அது.

சவாரிக்கு உதவாத குதிரைக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு புதிய உத்தியோகமும் உண்டு, அதுதான் துணை. குதிரை மந்தையில் வாழப் பிறந்த பிராணி. தனியே கட்டினால் கனைத்துக்கொண்டே இருக்கும், வேலியோரம் ஓயாமல் நடக்கும், லாயத்து மரத்தைக் கடிக்கும். அமெரிக்காவில் 1930களில் பெயர்பெற்ற பந்தயக் குதிரை ‘சீபிஸ்கட்’ இவ்வாறு அமைதியிழந்து உடல் மெலிந்தபோது, அதன் பயிற்சியாளர் டாம் ஸ்மித் முதலில் ஓர் ஆட்டைத் துணைக்கு விட்டார். ஆட்டை அது தூக்கி எறிந்தது. பிறகு ‘பம்ப்கின்’ என்ற சாதுவான குதிரையைப் பக்கத்தில் கட்டினார்கள்; சீபிஸ்கட் அடங்கிற்று. கோப்பையை வென்றது ஒரு குதிரை. அதை நிம்மதியாக உறங்க வைத்தது மற்றொரு குதிரை.

துணைக் குதிரை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மலிவாகத் தின்னாது. லாடம் இல்லாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்க வேண்டும். பல்லைப் பார்க்க வேண்டும். கிழப் பல்லுக்குத் தீனியை ஊற வைத்துக் கொடுக்க வேண்டும். நல்ல வீட்டுக்கு இலவசம் என்று கொடுத்த முடக்குதிரைக்கு வலி மறக்க மருந்து புகட்டி, சவாரிக் குதிரையென்று மறுவாரமே விற்றுவிடும் தரகர்களும் இருக்கிறார்கள். கண்ணீரோடு கொடுத்துவிட்டு மறந்துவிடுவதும், ஏலத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுவதும் குதிரையைக் கொண்டுபோய்ச் சேர்க்குமிடம் பல சமயங்களில் ஒன்றே.

ஆகையால் தம்மோடு வாழ்ந்த ஒரு குதிரையையோ மட்டக்குதிரையையோ இன்னொருவர் கையில் கொடுக்க நேர்பவர்களுக்கு இந்த நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அனுபவம் சொல்லும் புத்திமதி எளியது. வாங்குபவரின் அன்பை அளக்க வேண்டியதில்லை. அதை அளக்கவும் முடியாது. வேண்டாமென்றால் என்னிடமே திருப்பி அனுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, அடுத்த மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.