குஜராத் இளைஞரும் ஓட்டுப் பெட்டியும்

"இந்த ஊர்ப் பசங்க ஏன் எப்பவும் ஒரே கட்சிக்கே ஓட்டுப் போடறாங்க?" குஜராத்தில் குடியேறிய நம் பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. வியாபாரிகளின் பூமி, பழமையில் பற்றுள்ள மக்கள், அதனால்தான் என்று சுலபமாக ஒரு பதில் சொல்லிவிடுகிறோம். வரலாறு அதை ஒப்புக்கொள்ளவில்லை.

1973 டிசம்பரில் அகமதாபாத் எல்.டி. எஞ்சினியரிங் கல்லூரி விடுதியில் மெஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். மாணவர் தொடங்கிய அந்தச் சண்டை நவநிர்மாண் இயக்கமாகப் பரவியது. 1974 பிப்ரவரியில் முதல்வர் சிமன்பாய் படேல் பதவி விலகினார்; மார்ச்சில் சட்டசபையே கலைந்தது. ஓர் ஆட்சியையே இறக்கிய இளைஞர்கள், மாற்றத்துக்குப் பயந்தவர்களா என்ன?

அதன் பிறகும் காங்கிரஸ் இம்மாநிலத்தில் பெரும் வெற்றி கண்டதுண்டு. 1985இல் மாதவ்சிங் சோலங்கி 182 இடங்களில் 149ஐ வென்றார். ஆனால் அதே ஆண்டு, பிற்பட்டோர் இடஒதுக்கீட்டை 10 சதவீதத்திலிருந்து 28ஆக உயர்த்தும் அவர் அரசின் முடிவை எதிர்த்து மாணவர் கிளர்ச்சி மூண்டது. அது மதக் கலவரமாகத் திரும்பியது. ஜூலையில் சோலங்கி விலகினார். படேல் சமூகமும் நகர நடுத்தர வர்க்கமும் காங்கிரசைக் கைவிட்ட காலம் அது.

அதே சமயம் அகமதாபாத் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மில் வேலைக்கென்று வந்த தமிழ்க் குடும்பங்களும் இதில் அடிபட்டன. காந்தியடிகளும் அனசூயா சாராபாயும் 1920இல் வளர்த்தெடுத்த மஜூர் மகாஜன் சங்கம், பல சாதி மதத் தொழிலாளரை ஒன்றாய் உட்கார வைத்த இடம். மில் போனதும் அதன் பலமும் போயிற்று. தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அரசியல் கற்றுத்தர, சொந்தச் சாதி மன்றமும் பேட்டை மண்டலும்தான் மிஞ்சின.

1989இல் ஓட்டு வயது 21லிருந்து 18 ஆனது. பா.ஜ.க. 1990இல் 67 இடங்களும், 1995இல் 121 இடங்களும் பெற்றது. 1998 முதல் அதன் ஆட்சியே தொடர்கிறது. 2022இல் 18 வயதில் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளை 2004இல் பிறந்தவன். 2002 கலவரம் அவன் பிறக்குமுன் நடந்தது. மில் சங்கும் ஊரடங்கும் அவனுக்குத் தாத்தா சொல்லும் கதை. ரோடு, கரண்ட், நர்மதைத் தண்ணீர் என்று கண்ணால் பார்த்தது எல்லாம் ஒரே ஆட்சியில். ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் வேறொன்று இல்லை.

அதற்காக அவன் கோபப்படாதவன் அல்ல. 2015இல் 22 வயது ஹார்திக் படேல் பின்னால் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். 2017இல் பா.ஜ.க. 99 இடங்களுக்கு இறங்கியது. ஆனால் படேல் கிளர்ச்சியும் ஜி.எஸ்.டி. போராட்டமும் கொதித்த சூரத் நகரத் தொகுதிகள் அத்தனையும் அக்கட்சிக்கே. 2021 சூரத் மாநகராட்சியில் ஆம் ஆத்மி 27 இடம் பிடித்தது. அடுத்த ஆண்டு சட்டசபைக்கு அங்கே ஒன்றும் இல்லை. 2022இல் பா.ஜ.க. 156, சோலங்கியின் சாதனையும் உடைந்தது. அதே தேர்தலில் ஹார்திக் பா.ஜ.க. வேட்பாளராக வென்றார். தெருவில் கோபத்தைக் காட்டிய இளைஞனுக்கு, அதை நம்பி ஒப்படைக்க இன்னொரு வீடு அமையவில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே, இது ரத்தத்தில் ஊறிய குணமல்ல; நினைவும் அமைப்பும் செய்த வேலை. நம் பிள்ளைகளும் இங்கேதான் ஓட்டுப் போடுகிறார்கள். யாருக்குப் போடு என்று சொல்ல வேண்டாம். அது அவர்கள் உரிமை. ஆனால் நாம் பார்த்த 1974ஐயும் 1985ஐயும், மூடிய மில்லையும் சொல்லிவைப்போம். ஒப்பிட்டுப் பார்த்துப் போடுகிற ஓட்டு, எந்தக் கட்சிக்கு விழுந்தாலும் நல்ல ஓட்டுத்தான்.