கார் பேட்டரி எப்போ காலை வாரும்? போனிலேயே பார்க்கலாம்... ஆனா எந்த நம்பரை நம்பணும்?

பத்து நாள் ஊருக்குப் போய்ட்டு வந்து சாவியைத் திருகினா 'டிக்... டிக்...' சத்தம் மட்டும்தான். வந்து பார்க்கிற மெக்கானிக், "பேட்டரியை மாத்திடலாம் சார்" என்கிறார். பேட்டரி உண்மையிலேயே போயிடுச்சா, இல்ல சார்ஜ் மட்டும் இறங்கியிருக்கா? இதைத் தெரிஞ்சுக்க உதவுவதுதான் ப்ளூடூத் பேட்டரி மானிட்டர்.

இது கையடக்கமான சின்ன கருவி. சிவப்பு வயரை பிளஸ், கருப்பு வயரை மைனஸ் முனையில் மாட்டினால் போதும். வோல்டேஜை அளந்து பதிவு செய்துகொண்டே இருக்கும். சுமார் 10 மீட்டருக்குள் போனோடு வந்தால் ஆப்பில் பார்க்கலாம். நாலாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு பார்க்க முடியாது.

எப்போ பார்க்கணும்?

வண்டியை ஓட்டிட்டு வந்த உடனே பார்த்தால் 100% என்றுதான் காட்டும். அதை நம்பாதீங்க. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை காலையில், ஸ்டார்ட் பண்ணும் முன் பாருங்க. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆனா இது சார்ஜ் கணக்குதான், ஆயுள் கணக்கு இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பேட்டரியின் தெம்பு தெரிவது ஸ்டார்ட் பண்ணும் அந்த ஒரு நொடியில்தான். பல ஆப்களில் இதற்கென 'கிராங்கிங் டெஸ்ட்' இருக்கிறது. காலையில் 12.6 காட்டும் பேட்டரி, ஸ்டார்ட் பண்ணும்போது 9.6 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் வயசாகிடுச்சு என்று அர்த்தம். இஞ்சின் சுற்றவே இல்லை, ஆனா வோல்டேஜ் 12-லேயே நிற்குதா? அப்போ பேட்டரி மேல் பழி போடாதீங்க. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரில் கோளாறு இருக்கலாம்.

இஞ்சின் ஓடும்போது சுமார் 13.7 முதல் 14.7 வரை காட்டணும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைப் பார்க்கச் சொல்லுங்க. ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள புது கார்களில் மட்டும் இந்த நம்பர் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். அந்த கார்களில் மைனஸ் முனையில் சென்சார் இருந்தால், கருப்பு வயரை பாடி எர்த்தில் மாட்டுவதே சரி.

நிறுத்தி வைத்த காரில் தினமும் வோல்டேஜ் மளமளவென இறங்குதா? டேஷ்கேம், அலாரம், டிக்கி லைட் என ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது.

பைக்குக்கு மாட்டலாமா?

மாட்டலாம், ஆனா கணக்குப் போட்டுட்டு மாட்டுங்க. கருவியே 2 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்றால், மாசத்துக்கு சுமார் 1.4 ஆம்பியர்-ஹவர். 45 ஆம்பியர்-ஹவர் கார் பேட்டரிக்கு அது தூசு. 4 ஆம்பியர்-ஹவர் பைக் பேட்டரிக்கு மூன்றில் ஒரு பங்கு! மாசக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கழற்றிடுங்க. லித்தியம் பேட்டரி என்றால் மேலே சொன்ன நம்பர்கள் பொருந்தாது. ஆப்பில் பேட்டரி வகையை மாற்றணும்.

ஆப் லொக்கேஷன் அனுமதி கேட்குதா? ஆண்ட்ராய்டு 11 வரை, ப்ளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி தேவைப்பட்டது. ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்ற தனி அனுமதி வந்துவிட்டது. புது போனிலும் எந்நேரமும் லொக்கேஷன் கொடு என்று அடம்பிடிக்கும் ஆப்பாக இருந்தால், வேறு கருவியைப் பாருங்க.