வேட்டை அம்புமுனை

வேட்டை அம்புமுனை என்பது மான் போன்ற பெரிய விலங்குகளை வில்லால் வேட்டையாடுவதற்கென அம்பின் நுனியில் பொருத்தப்படும், கூரிய அலகுகளைக் கொண்ட முனையாகும். ஆங்கிலத்தில் இது பிராட்ஹெட் எனப்படுகிறது. வில்வித்தைப் பயிற்சியில் பயன்படும் குண்டுமுனை இலக்கில் துளையிட்டு நிற்கும். வேட்டை அம்புமுனையோ தசையையும் குருதிக்குழாய்களையும் வெட்டிச் செல்லும். ஐக்கிய அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளில் உரிமம் பெற்று வில்வேட்டை ஆடலாம். இந்தியாவில் மான் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. தாம்பரம், கிண்டி ஆகிய தென்சென்னைப் பகுதிகளில் காணப்படும் அதே புள்ளிமான் இனம் ஹவாயிலும் டெக்சாசிலும் இத்தகைய முனைகளால் வேட்டையாடப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

செயற்படும் விதம்

துப்பாக்கிக் குண்டையும் அம்பையும் ஒன்றாகக் கருதுவது பொதுவான தவறாகும். 26 கிராம் எடையுள்ள ஓர் அம்பு நொடிக்கு 80 மீட்டர் விரைவில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 83 ஜூல் மட்டுமே. மான் வேட்டைக்கான துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் இதைவிடப் பல மடங்கு அதிகம். 3,000 ஜூலைத் தாண்டுவதும் உண்டு. எனவே அம்பு அதிர்ச்சியால் விலங்கை வீழ்த்துவதில்லை. நுரையீரல், இதயம் ஆகியவற்றில் உள்ள குழாய்கள் வெட்டுண்டு, குருதி இழப்பால் விலங்கு இறக்கிறது. அலகு மழுங்கியிருந்தால் குழாய்கள் வெட்டுப்படாமல் ஒதுங்கிக் கொள்ளும். காயமுற்ற மான் ஓடி மறைந்து நாட்கணக்கில் துன்புற நேரிடும். முனையின் தெரிவு பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு கருத்திலிருந்தே எழுகின்றன.

வகைகள்

நிலையான அலகு கொண்டவை, விரியும் அலகு கொண்டவை என இருபெரும் வகைகள் உள்ளன. முதல் வகையில் அசையும் உறுப்புகள் இல்லை. சிலவற்றில் அலகைக் கழற்றி மாற்றலாம். சிலவற்றை அரத்தாலும் சாணைக்கல்லாலும் தீட்டிப் பயன்படுத்தலாம். இரண்டாம் வகையில் அலகுகள் பறக்கும்போது மடங்கியிருந்து, தாக்கும்போது விரிகின்றன. அகலமான காயம் கிடைப்பதாலும், குண்டுமுனையைப் போலவே நேராகப் பறப்பதாலும் விரியும் வகை பலரையும் கவர்கிறது. ஆனால் விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் ஆற்றல் செலவாகிறது. அலகு விரியாமல் போகும் வாய்ப்பும் சிறிது உண்டு.

வெட்டு விட்டம் என்று பெட்டியில் அச்சிடப்படும் எண்ணை மட்டும் கொண்டு முனைகளை ஒப்பிடுவது சரியன்று. 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு அலகு முனை 28 மி.மீ. நீளத்திற்கு வெட்டும். அதே விட்டமுள்ள மூன்று அலகு முனையில் ஒவ்வோர் அலகும் 14 மி.மீ. வெட்டுவதால் மொத்த வெட்டு 42 மி.மீ. ஆகும். அதற்கேற்பத் தடையும் கூடும், ஆழம் குறையும்.

தொடக்கநிலையாளரின் தெரிவு

முனையின் எடை கிரெயின் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 100 கிரெயின் என்பது சுமார் 6.5 கிராம், 125 கிரெயின் என்பது சுமார் 8.1 கிராம். பெரும்பாலான தொடக்கநிலையாளர்கள் இவ்விரு எடைகளுள் ஒன்றையே கொள்கின்றனர். பயிற்சிக்குப் பயன்படுத்திய குண்டுமுனையின் எடையே வேட்டை முனைக்கும் இருக்க வேண்டும். எடை கூடினால் அம்புத்தண்டு கூடுதலாக வளைந்து செயற்படும். அம்பின் சமநிலைப் புள்ளியும் முன்னோக்கி நகரும்.

இழுவிசை குறைந்த வில்லுக்கு, அதாவது 40 முதல் 50 பவுண்டு வரையிலான வில்லுக்கு, நிலையான அலகு கொண்ட குறுகிய முனையே பொருத்தமானது. இருக்கும் சிறிய ஆற்றலை ஊடுருவலுக்கே பயன்படுத்த வேண்டும் என்பது இதன் காரணம். அம்பு மறுபுறம் வெளியேறினால் இரு துளைகள் வழியாகவும் குருதி சொட்டும். தடம் பற்றிச் செல்வது எளிதாகும். 60 பவுண்டுக்கு மேற்பட்ட கூட்டு வில் உடையவர் விரியும் வகையையும் கருதலாம். ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் குறைந்தது 7/8 அங்குல (சுமார் 22 மி.மீ.) வெட்டு விட்டத்தைச் சட்டப்படி கோருகின்றன. சில மாநிலங்களில் விரியும் வகைக்குக் கட்டுப்பாடுகள் இருந்து வந்துள்ளன. ஆகவே கடைக்குச் செல்லுமுன் அவ்வம் மாநில விதியைப் படிப்பது முதற்பணி.

நிலையான அலகுகள் காற்றில் சிறு இறகுகளைப் போலச் செயற்பட்டு அம்பைத் திசைதிருப்பக் கூடும். அதனால் வேட்டை முனையும் குண்டுமுனையும் ஒரே இடத்தில் தைக்கின்றனவா என்று சோதித்து, தைக்காவிடில் வில்லைச் சீர்செய்ய வேண்டும். சோதனைக்குப் பயன்படுத்திய அலகை மாற்றாமல் அல்லது தீட்டாமல் வேட்டைக்குக் கொண்டு செல்லலாகாது. திருகும்போது விரல் வெட்டுப்படாதிருக்க அதற்கென உள்ள குறடு தேவை. விலை உயர்ந்த முனை, மோசமாகப் பறக்கும் அம்பைச் சரிசெய்யாது.

புள்ளிமானும் அம்பின் விரைவும்

புள்ளிமான்கள் 1860களில் ஹவாய்க்கும் 1930களில் டெக்சாசுக்கும் கொண்டு செல்லப்பட்டன. இயற்கைப் பகைவிலங்குகள் இல்லாத ஹவாய்த் தீவுகளில் அவை பெருகித் தாவரங்களை அழிப்பதால் அங்கு வேட்டை ஊக்குவிக்கப்படுகிறது. நாண் ஒலி கேட்டதும் துள்ளுவதில் இம்மான் பெயர் பெற்றது. 20 மீட்டர் தொலைவை ஒலி சுமார் 0.06 நொடியில் கடக்கிறது. நொடிக்கு 80 மீட்டர் செல்லும் அம்புக்கு 0.25 நொடி ஆகிறது. இடைப்பட்ட 0.19 நொடியில் மான் உடலைத் தாழ்த்தித் திரும்பிவிடக் கூடும். நுரையீரலுக்கு எய்த அம்பு முதுகிலோ வயிற்றிலோ தைப்பது இதனால்தான். நுரை கலந்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரல் காயத்தையும், பசிய நீர் கலந்த குருதி இரைப்பைக் காயத்தையும் காட்டும். பின்னதில் பல மணிநேரம் காத்திருந்தே தடம் பற்ற வேண்டும். உடனே துரத்தினால் மான் மேலும் தொலைவு ஓடிவிடும்.

தமிழகத்தில்

வேட்டுவரும் எயினரும் வில்லேந்தி வேட்டையாடியதைச் சங்க இலக்கியம் கூறுகிறது. கணை, பகழி, வாளி, கோல் என அம்புக்குப் பல பெயர்கள் தமிழில் உள்ளன. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த இரும்புப் பொருட்களுள் அம்புமுனைகளும் உண்டு.

இன்றைய நிலை வேறு. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்துடன் சில வேட்டைகளை அனுமதித்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வழியை அடைத்தது. கொல்வது மட்டுமன்றிக் கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும் சட்டப்படி வேட்டையே. ஆயுதம் என்பதன் வரையறையில் வில்லும் அம்பும் பெயர் சுட்டிக் குறிக்கப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வெளிமான் முதல் அட்டவணையிலும் புள்ளிமான் இரண்டாம் அட்டவணையிலும் உள்ளன. புள்ளிமானை வேட்டையாடினால் மூன்றாண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வெளிமான் எனில், அல்லது குற்றம் தேசியப் பூங்காவினுள் நடந்தால், குறைந்தது மூன்றாண்டு, கூடியது ஏழாண்டு சிறை. கிண்டி தேசியப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டரே பரப்புடையது. ஆயினும் இரு இனங்களும் அதனுள் வாழ்கின்றன.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காட்டிலும் புள்ளிமான்கள் உள்ளன. அது தேசியப் பூங்கா அன்று. எனினும் வேட்டைத் தடை வளாகங்களுக்கும் தனியார் நிலங்களுக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். இப்பகுதியில் வில்வித்தை பயில விரும்புவோர் இலக்கு வில்வித்தையையே பயில வேண்டும். ரிகர்வ் வில்லுக்கு 70 மீட்டரும் கூட்டு வில்லுக்கு 50 மீட்டரும் பன்னாட்டுப் போட்டித் தொலைவுகளாகும். அங்கு குண்டுமுனையே போதுமானது. அலகுள்ள முனை இலக்குப் பலகையை ஓரிரு நாளில் கிழித்துவிடும்.