வேகப் பந்தும் மெதுப் பந்தும்: சாப்ட்பால் இரண்டான கதை

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோடையில் கண்மாய் வற்றினால் அது கிரிக்கெட் மைதானம். ஸ்டம்புக்குக் கருவேலங்குச்சி, அடிக்கக் கருக்கு சீவிய பனைமட்டை. டென்னிஸ் பந்து இருக்கும் வரை இது போதும். யாராவது கார்க் பந்து கொண்டுவந்துவிட்டால் பனைமட்டை தாங்காது, சின்னப் பையன்களும் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பந்து மாறினால் மட்டை மாறுகிறது, ஆடுகிற ஆளும் மாறுகிறான். அமெரிக்காவில் சாப்ட்பாலுக்கு நடந்ததும் இதுதான்.

1887 நவம்பரில் சிகாகோவின் ஃபாரகட் படகு கிளப்பில் சிலர் யேல் - ஹார்வர்டு போட்டியின் முடிவுக்குக் காத்திருந்தார்கள். முடிவு வந்த குஷியில் ஒருவர் பாக்ஸிங் கையுறையைத் தூக்கி எறிய, இன்னொருவர் அதைக் கம்பால் அடித்தார். பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹான்காக் அந்தக் கையுறையையே கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பந்தாக்கிவிட்டார்! குளிர்காலத்தில் அறைக்குள் ஆட ஒரு பேஸ்பால், அவ்வளவுதான் நோக்கம். சாப்ட்பால் என்ற பெயரே 1926ல்தான் வந்தது. (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்றைய பந்து மெத்தென்று இருக்காது.)

1933ல் சிகாகோவில் பெரிய போட்டி நடந்தது, தேசிய சங்கமும் உருவானது. அப்போதெல்லாம் பிட்சர்தான் ராஜா. கையைத் தோளிலிருந்து முழு வட்டமாகச் சுழற்றி, இடுப்புக்குக் கீழிருந்து பந்தை விடுவார். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. பெண்கள் சாப்ட்பாலில் பிட்சர் நிற்பது 43 அடியில். பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்போது அடிப்பவருக்குக் கிடைப்பது அரை வினாடிக்கும் குறைவு. வேலை முடிந்து மாலையில் நாலு பந்து அடிக்கலாம் என்று வந்தவர்களால் பந்தைத் தொடவே முடியவில்லை என்றால் யார் ஆடுவார்கள்?

அதனால் வளர்ந்ததுதான் மெதுப் பந்து ஆட்டம். அதற்கென்று தேசியப் போட்டி 1953ல் தொடங்கியது. பந்து குறைந்தது 6 அடி உயரத்துக்கு வளைந்து வந்து விழ வேண்டும். மட்டையால் லேசாகத் தட்டிவிட்டு ஓட அனுமதியில்லை, அடித்தே ஆக வேண்டும். எல்லாரும் அடிப்பார்கள் என்பதால் களத்தில் 9 பேருக்குப் பதில் 10 பேர்.

மட்டையும் பிரிந்தது. நீளம் அதிகபட்சம் 34 அங்குலம், விட்டம் இரண்டேகால் அங்குலம், இது இரண்டுக்கும் ஒன்றுதான். எடைதான் வேறு. மெதுவாக வரும் பந்துக்கு வேகத்தை மட்டைதான் தர வேண்டும், அதனால் 26 முதல் 30 அவுன்ஸ் வரை கனமாக இருக்கும். வேகப் பந்துக்கு மட்டையைச் சட்டென்று வீச வேண்டும், அதனால் பெரும்பாலும் 25 அவுன்ஸுக்குள்.

மரம் போய் அலுமினியம், பிறகு கலப்பு நார் மட்டைகள் வந்தன. இவற்றின் சுவர் உள்ளே அமுங்கி ஸ்பிரிங் மாதிரி பந்தைத் தள்ளும். மெதுப் பந்து ஆட்டத்தில் இப்போது ஆபத்து பிட்சருக்கு! அடிபட்ட பந்து அவர் முகத்துக்கே திரும்பி வரலாம். அதனால் 2004ல் அமெரிக்கச் சங்கம் மட்டையிலிருந்து கிளம்பும் பந்தின் வேகத்துக்கு மணிக்கு 98 மைல் என்று சோதனை வரம்பு வைத்தது.

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஆடப்படுவது வேகப் பந்துதான். எனவே கல்லூரி அணிக்கு மட்டை வாங்குபவர்கள் விலையை மட்டும் பார்த்துக் கனமான மெதுப் பந்து மட்டையை வாங்கினால் பணம் வீண், அந்தப் பெண் வீசி முடிப்பதற்குள் பந்து கீப்பர் கையில் இருக்கும்.

1996ல் பெண்கள் சாப்ட்பால் ஒலிம்பிக்கில் நுழைந்ததும் வேகப் பந்தாகத்தான். 2028ல் லாஸ் ஏஞ்சல்ஸில் திரும்பி வரப்போவதும் அதுவே. மெதுப் பந்து இதுவரை ஒலிம்பிக் பக்கமே போனதில்லை, ஆனால் அமெரிக்காவில் மாலை நேரத்தில் பூங்காவுக்குப் போகும் பெரியவர்கள் பெரும்பாலும் ஆடுவது அதைத்தான்.