மணியும் மணமும்: மாந்தைத் துறை முதல் மருதமடு வரை

மணம் கையிற் பிடிக்க முடியாத பொருள். மலரினின்றும் எழுகின்றது, காற்றோடு கலக்கின்றது, சிறிது நேரத்தில் மறைந்து போகின்றது. மணியோ அதற்கு நேர்மாறானது. கோத்தவர் மறைந்து, கோத்த நூலும் இற்றுப்போன பின்னர், ஆயிரம் ஆண்டு மண்ணினுட் கிடந்தும் நிறம் மாறாது வெளிவருவது. நிலையாத மணத்தை நிலைத்து நிற்கும் மணியினுள் அடைத்துவைக்க வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழைய ஆசையாகும். வாசனை எண்ணெயில் ஊறவைத்த சின்னஞ்சிறு மணிகளைத் துணிப்பையில் இட்டு அலுமாரியிலும் மோட்டார் வண்டியிலும் தொங்கவிடும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. வீட்டிலிருந்தே செய்யத்தக்க இக்கைப்பணி புதுமைபோலத் தோன்றினும், அதன் வரலாற்றைத் தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மணியும் மணப்பொருளும் ஒருங்கே வந்து கூடிய துறைமுகம் ஒன்று நம் மன்னார்க் கரையிலேயே விளங்கியது.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், திருக்கேதீச்சரத் திருக்கோயிலைச் சூழ்ந்த நிலமே மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் வழங்கிய பழைய நகரமாகும். பாளி நூல்கள் அதனை மகாதித்த என்று குறிக்கும். விசயனை மணக்க மதுரையிலிருந்து வந்த பாண்டியன் மகள் இறங்கிய துறை அதுவே என்பது மகாவம்சம் தரும் செய்தி. அஃது ஐதிகமேயாயினும், அந்நூலை ஆக்கியோர் இத்துறையை எத்துணைப் பழமையுடையதாக மதித்தனர் என்பதை அது காட்டும். 7 ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் பின்னர் சுந்தரரும் பாலாவிக் கரையில் எழுந்தருளிய கேதீச்சரப் பெருமானைப் பாடினர். சோழர் ஆட்சியில் இந்நகருக்கு இராசராசபுரம் என்னும் பெயரும் உண்டாயிற்று. தாழிகுமரன் என்பவன் இங்கு இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான் என்பது கல்வெட்டுச் செய்தி.

இத்துணைச் சிறப்பு இக்கரைக்கு எவ்வாறு வந்தது? கடலின் அமைப்பே முதற் காரணம். மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மணற்றிட்டுகள் நிறைந்த ஆழமற்ற கடல் கிடக்கின்றது. பெரிய மரக்கலங்கள் அதனைக் கடத்தல் அரிது. ஆகவே ஒரு பக்கத்திலிருந்து வந்த சரக்கை இறக்கி மாற்றி ஏற்றுவதற்கு வாய்ப்பான இடமாக மாந்தை அமைந்தது. பருவக் காற்று மாறும்வரை வணிகர் தங்கினர். தங்கியவரோடு தொழிலாளர் வந்தனர், நகரம் வளர்ந்தது. 6 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா வணிகரான கொஸ்மாஸ், சீனம் முதலிய கீழ்த்திசை நாடுகளிலிருந்து பட்டும் அகிலும் கராம்பும் சந்தனமும் இலங்கைக்கு வந்து, இங்கிருந்து மேற்குத் துறைகளுக்குச் சென்றன என எழுதி வைத்துள்ளார். அவர் கூறிய நான்கு பொருள்களுள் மூன்று மணப்பொருள்கள் என்பதை இங்கே கருத்திற் கொள்க.

இனி மணியின் கதையைக் காண்போம். மாந்தையில் நிகழ்ந்த அகழ்வுகளிற் கண்ணாடி மணிகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. இவை வேறிடத்திலிருந்து வந்து இங்கே விற்கப்பட்டவை மட்டும் அல்ல. மாந்தை மணி செய்த ஊருமாகும் என ஆய்வாளர் கொள்வர். புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேடும் இவ்வகைத் தொழிலுக்குப் பேர்பெற்றது. நம் நாட்டிலேயே குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவ என்னுமிடத்திற் கண்ணாடியைக் காய்ச்சிய பழைய உலைகள் வெளிப்பட்டுள்ளன.

மணி செய்யும் முறை வியப்புக்குரியது. உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி, நடுவே துளை அமையுமாறு உலையில் வைத்து, வாயில் வழியே நீண்ட மெல்லிய குழாயாக இழுப்பர். அக்குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். நறுக்கிய விளிம்பு கையைக் கிழிக்கும் ஆதலால், துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்குவர். சாம்பல் துளையிற் புகுந்து அது மூடிக்கொள்ளாமற் காக்கும்; விளிம்பு இளகி மழுங்கும். ஆந்திர நாட்டுப் பாபநாயுடுபேட்டையில் இம்முறை 20 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரை நிலைத்திருந்தபடியால் ஆய்வாளர் அதனை நேரிற் கண்டு எழுத முடிந்தது. செங்கல் நிறம், மஞ்சள், பச்சை, நீலம், கருமை எனப் பல நிறத்தில் அமைந்த இவ்வகை மணிகள் தாய்லாந்திலும் மலாயாவிலும் யாவாவிலும் கொரியாவிலும், மேற்கே ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலும் கிடைக்கின்றன. இந்து, பசுபிக் என்னும் இரு மாகடல்களையும் தொட்டுப் பரந்தமையால் இவற்றுக்கு இந்தோ பசுபிக் மணிகள் என்றே பெயரிட்டனர்.

மணி மண்ணில் நிலைத்தது. மணம் என்ன ஆயிற்று? அகிலும் சந்தனமும் புகையாய்ப் போயின. மாந்தையில் மணப்பொருள் வந்திறங்கியது என்பதற்கு எழுத்துச் சான்றன்றி மண்ணிற் சான்று உண்டா என்பது நெடுங்காலம் விடை காணாத வினாவாக இருந்தது. 1980 முதல் 1984 வரை யோன் காஸ்வெல் என்னும் அறிஞர் தலைமையில் இங்கு விரிவான அகழ்வு நடந்தது. போர் மூண்டமையால் அப்பணி நின்றது. போர் ஓய்ந்தபின் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் அகழ்ந்தனர். இம்முறை, தோண்டிய மண்ணை நீரிற் கரைத்து, மேலே மிதந்து வந்த கருகிய விதைகளை வடித்தெடுத்து ஆராய்ந்தனர். நெல்லும் கோதுமையும் மிளகும் அவற்றுள் இருந்தன. அவற்றோடு ஒரே ஒரு கராம்பும் இருந்தது!

2018 இல் வெளியான அவ்வாய்வின்படி அக்கராம்பு கி.பி. 900 க்கும் 1100 க்கும் இடைப்பட்ட காலத்தது. கராம்பு மரம் அக்காலத்தில் இந்தோனேசியாவின் கீழ்க்கோடியிலுள்ள மலுக்குத் தீவுகளிலன்றி வேறெங்கும் விளையவில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடல் கடந்து வந்த ஒரு பூமொட்டு மாந்தையின் நெருப்பில் தவறி வீழ்ந்து, கருகி, அதனாலேயே அழியாது நமக்குச் சாட்சி சொல்ல எஞ்சியது. மன்னர்களின் கல்வெட்டுக் கூறாத செய்தியை ஒரு கராம்பு கூறிற்று.

மணத்தை மணியாக்கும் கலை உலகின் பல பாகங்களில் வளர்ந்தது. தூனிசியா, அல்சீரியா நாடுகளில் கராம்பு, குங்குமப்பூ முதலியவற்றை அரைத்துப் பிசைந்து மணியாக உருட்டிப் பெண்கள் வீட்டிலேயே மாலை கோப்பர். மணப்பெண்ணுக்கு அம்மாலையை அணிவிப்பது வழக்கம். ஐரோப்பாவில் 14 ஆம் நூற்றாண்டு முதல் அம்பரும் கஸ்தூரியும் சேர்த்த உருண்டைகளை அணிகலன்போற் கழுத்திலும் இடையிலும் தொங்கவிட்டனர். நாற்றக் காற்றே கொள்ளை நோயைத் தரும் என்று அக்காலத்தார் நம்பியமையால் அவ்வுருண்டை நோய்க்குக் காப்பு என எண்ணினர். ரோசா இதழை இரும்புச் சட்டியிற் காய்ச்சி, அரைத்து, கறுத்த விழுதை மணியாக உருட்டும் முறையும் அங்கே உண்டு. இரும்பின் சேர்க்கையால் விழுது கருமை பெறும். மணி உடற் சூடு பட்டதும் மணக்கும். செபமாலையைக் குறிக்கும் மேனாட்டுச் சொல்லுக்கே ரோசாத் தோட்டம் என்பது பொருள். நம்மவரிடையே சந்தன மணிமாலையும் துளசி மணிமாலையும் பூசைக்குரியன. நீர் தெளித்தால் மீண்டும் மணக்கும் வெட்டிவேர் மாலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

செபமாலை என்றதும் மருதமடு நினைவுக்கு வருதல் இயல்பு. மடுவின் வரலாறும் மாந்தையிலேயே தொடங்குகின்றது. 11 ஆம் நூற்றாண்டுக்குப் பின் மாந்தைத் துறை தன் பழைய சிறப்பை இழந்தது. திருக்கேதீச்சரக் கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. ஒல்லாந்தர் 1658 இல் மன்னாரைக் கைப்பற்றியபோது துன்பம் கத்தோலிக்கர்மேல் திரும்பியது. 1670 அளவில் மாந்தையிலிருந்த 20 கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்னையின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு காட்டு வழியே சென்று மருதமடுவிற் குடியேறின என்பது மரபு. இவ்வாறு சிவன் கோயிலும் மாதா கோயிலும் ஒரே மண்ணில் அடிபட்டு எழுந்தவை. ஆறுமுக நாவலர் 1872 இல் விடுத்த வேண்டுகோளும் 1948 இல் அமைந்த திருப்பணிச் சபையின் உழைப்பும் கேதீச்சரத்தை மீண்டும் ஓங்கச் செய்தன. மடுவின் ஆகஸ்ட் 15 ஆம் நாட் பெருவிழாவுக்குச் சைவரும் செல்வர். பாம்புக் கடிக்குக் காப்பென்று மடு மண்ணை வீட்டுக்கு எடுத்து வருவாரும் பலர்.

இனி நம் இளைஞரும் மங்கையரும் வீட்டிலேயே செய்யத்தக்க முறை இரண்டைச் சொல்வோம். முதலாவது பழைய வழியைத் தழுவியது. நல்ல சந்தனத்தூள் நான்கு பங்கு, சாம்பிராணித்தூள் ஒரு பங்கு, கராம்புத்தூள் சிறிதளவு ஆகியவற்றைச் சலித்துக் கலந்துகொள்க. வேலம்பிசினைப் பன்னீரில் ஊறவைத்துக் கரைத்து, அதனைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைக. மா கையில் ஒட்டாத பதம் வந்ததும் கடலையளவு உருட்டி, ஈர்க்கினாற் துளையிட்டு, நிழலிற் பல நாள் உலர்த்துக. வெயிலில் வைத்தால் வெடிக்கும், மணமும் ஓடிப்போகும். கராம்பு மிகுந்தால் தோல் எரியுமாதலால் அளவறிந்து சேர்த்தல் வேண்டும்.

இரண்டாவது இக்கால முறை. இதற்குரிய மணிகள் எதிலீன் வைனைல் அசற்றேற்று என்னும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. இரண்டு பங்கு நிறையுள்ள மணிக்கு ஒரு பங்கு வாசனை எண்ணெய் விட்டு, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, நாள்தோறும் குலுக்குக. சில நாளில் மணி எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். முற்றும் உலர இரு கிழமை வரை செல்லலாம். பின்னர் மெல்லிய துணிப்பையிற் கட்டித் தொங்கவிடலாம். இனிப்பென்று எண்ணிக் குழந்தைகள் வாயில் இடாதவாறு எட்டாத உயரத்தில் வைத்தல் கடமை. மெழுகு பூசிய மரத்தின்மேல் வைத்தால் எண்ணெய் கறை செய்யும்.

இவ்விரு முறைக்கும் அடிப்படை ஒன்றே. மணம் என்பது பொருளை விட்டுப் பறந்து செல்லும் மிக நுண்ணிய துகள்கள். அவற்றைப் பிசினோ மரத்தூளோ பிளாஸ்ரிக்கோ பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக வெளிவிடுகின்றது. ஒன்று மண்ணோடு மண்ணாகும். மற்றொன்று மணம் தீர்ந்த பின்னும் குப்பையாகக் கிடக்கும். எது நம் வீட்டுக்கு ஏற்றது என்பதை இதனைக்கொண்டு முடிவு செய்யலாம்.

இறுதியாக, இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். மழை பெய்து மேல்மண் கரையும்போது பழைய பாசிமணிகள் மாந்தை மேட்டில் வெளிப்படுதல் உண்டு. கண்ணைக் கவரும் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் இடுதல் எளிது. ஆனால் அம்மணி எந்தப் படையில், எந்தப் பொருளோடு கிடந்தது என்பதே அதன் வரலாறு. இடத்தை விட்டுப் பெயர்த்த மணி, பெயர் அழிந்த கல்வெட்டை ஒக்கும். ஒரு கராம்பு நமக்கு ஆயிரம் ஆண்டுக் கதையைச் சொன்னது, அது தன் இடத்திலேயே கிடந்தமையால் அன்றோ? எவரேனும் அதனைக் கையில் எடுத்து எறிந்திருப்பின் அது வெறுங்கரியே. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் உத்தரவின்றி அகழ்தலைத் தடுக்கின்றது. சட்டத்துக்கு அஞ்சி அன்று, நம் முன்னோர்மீது வைத்த அன்பினாலேயே நாம் இதனைக் காத்தல் வேண்டும். வீட்டிற் பழைய மணி வைத்திருக்கும் பெரியோர், அது கிடைத்த இடத்தை நினைவுள்ளபோதே எழுதிவைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பாராயின் அதுவும் பெருந்தொண்டாகும்.

மணி வேண்டுமா? சந்தனமும் கராம்பும் கடையில் உண்டு. கையும் நம்மிடம் உண்டு. புதிய மணியை நாமே உருட்டிக் கோப்போம். பழைய மணியை மாந்தை மண்ணிலேயே விட்டுவைப்போம். இன்னும் கேட்கப்படாத வினாக்களுக்கு விடை அங்கேதான் இருக்கின்றது.