துப்பாக்கிக்கு யார் கணக்கு சொல்வது?

இந்த முறை ஆயுத வியாபாரத்தின் வரலாறு. "குற்றாலத்துப் பக்கம் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்காதீர்கள். நம்ம சீமையிலேயே கதை இருக்கிறது.

இரண்டு பழைய கதைகள்

1783-ல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தார். (வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு முந்தைய பாளையக்காரர் காலம்.) உள்ளே பீரங்கிகளோடு ஒரு காகிதமும் சிக்கியது. கொழும்பு டச்சு அரசும் பாளையக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது! கால்டுவெல் தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் இதை எழுதியிருக்கிறார். பிறகு படை நம்ம சிவகிரிக்குத் திரும்பியது.

அடுத்தது செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை அவர் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால். பெல்ஜியம் எங்கே, மணியாச்சி எங்கே?

இரண்டிலும் ஒரு விஷயம் பொது. ஆயுதம் எல்லை தாண்டி வந்தது ஊருக்குத் தெரிந்ததே எல்லாம் முடிந்த பிறகுதான்.

கணக்கு கேட்ட உலகம்

முதல் உலகப் போருக்குப் பிறகு சர்வதேச சங்கம் 1924 முதல் 1938 வரை ஆயுத வணிகப் புள்ளிவிவரத்தை ஆண்டு நூலாக வெளியிட்டது. அடுத்த போர் வந்தது, அது நின்றது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அதன் டாங்கிகளும் விமானங்களும் பெரும்பாலும் சோவியத் யூனியன், பிரான்ஸ், சீனா ஆகியவை விற்றவை. ஒரு நாடு இவ்வளவு குவிப்பதை முன்பே ஊரறியச் சொல்ல ஓர் ஏற்பாடு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1991 டிசம்பர் 9-ல் ஐ.நா. பொதுச்சபை மரபு ஆயுதங்களுக்கான பதிவேட்டை உருவாக்கியது.

டாங்கி, கவச வாகனம், பெரிய பீரங்கி, போர் விமானம், தாக்கும் ஹெலிகாப்டர், போர்க்கப்பல், ஏவுகணை என ஏழு வகை. முந்தைய ஆண்டு விற்றதையும் வாங்கியதையும் மே 31-க்குள் சொல்ல வேண்டும். விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் தனித்தனியாக வருவதால் ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். நம்ம ஊர்க் கடைக்காரர் பேரேட்டையும் வாடிக்கையாளர் பற்றுச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மாதிரி!

ஓட்டைகள்

முதலில், இது கட்டாயமில்லை. அமெரிக்கா தன் அறிக்கையில் தைவானுக்கு விற்றதையும் சேர்த்ததால் சீனா கோபித்துக்கொண்டு 1998-ல் வெளியேறி, 2007-ல்தான் திரும்பியது. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 120 நாடுகளுக்கு மேல் அறிக்கை தந்தன. பிறகு அது பாதிக்கும் கீழே போனது.

இரண்டாவது, ஏழு வகையில் கைத்துப்பாக்கி இல்லை. சிறு ஆயுதங்களை விரும்பினால் சொல்லலாம் என்று 2003-ல்தான் வந்தது. அதாவது வாஞ்சியின் துப்பாக்கி இன்று எல்லை தாண்டினாலும் இந்தப் பதிவேட்டில் வந்தே தீரும் என்பதில்லை.

மூன்றாவது, விலையும் தரகரும் இதில் வரமாட்டார்கள். 1986-ல் இந்தியா 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கியது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கமிஷன் விவகாரத்தை 1987-ல் ஸ்வீடன் வானொலி உடைத்தது. 1988-ல் சென்னையின் 'தி ஹிந்து' ஆவணங்களை வெளியிட்டது. எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இந்தியா எங்கே நிற்கிறது?

பதிவேட்டுக்கு இந்தியா அறிக்கை தந்திருக்கிறது. ஆனால் சிறு ஆயுதங்களையும் சேர்த்து ஆண்டறிக்கையைக் கட்டாயமாக்கிய ஆயுத வணிக ஒப்பந்தம் 2013 ஏப்ரல் 2-ல் வாக்கெடுப்புக்கு வந்தபோது இந்தியா விலகி நின்றது. விற்கும் நாடுகளுக்கே சாதகம், பயங்கரவாதிகள் கைக்குப் போவதைத் தடுப்பதில் பலவீனம் என்பவை அது சொன்ன காரணங்கள். வாங்குகிற நாட்டின் கவலை நியாயம்தான். ஆனால் இந்தியா இப்போது பிலிப்பைன்ஸுக்கு பிரமோஸ் ஏவுகணை விற்கிற நாடும்கூட. விற்பவர் வரிசைக்கு வந்தபின் பழைய காரணம் எத்தனை நாள் தாங்கும்?

என்னைக் கேட்டால், ஓட்டைப் பதிவேடும் பதிவேடுதான். கோட்டை விழுந்த பிறகு காகிதம் தேடுவதைவிட, விழும் முன்பே கணக்கு கேட்பது மேல். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?